ஆங்கில 'டேக்' (take) படுத்தும் பாடு: சீன மாணவர்களோடு உங்கள் அனுபவம் என்ன?

செங்டு ஆசிரியை:
செங்டுவில் நான்கு வருஷம் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதனால் டேக் ஆஃப், டேக் ஓவர் எல்லாம் தலைகீழ்ப் பாடம். இடறுவது வெறும் 'டேக்'கில்தான்.

ஒரு மாதிரித் தேர்வில் ஒரு பையன் தயங்கித் தயங்கி எழுதிக்கொண்டிருந்தான். குனிந்து 'டேக் யுவர் டைம்' என்றேன். முகம் வெளிறி, பாதி எழுதிய தாளை என்னிடம் நீட்டிவிட்டான். நேரம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அவர்கள் மொழியில் அதற்கு 'மான் மான் லாய்', மெதுவாக வா என்பார்கள். எடுக்கிற பேச்சே கிடையாது. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சீனத்தில் மருந்தைச் சாப்பிடுவார்கள், பஸ்ஸில் போவதற்கு 'உட்கார்', போட்டோவுக்குத் 'தட்டு', நேரத்துக்குச் 'செலவழி'. ஆங்கிலத்தில் நான்குக்கும் டேக். 'ஈட் மெடிசின்' என்று எழுதினால் எனக்குக் கோபமே வராது. நாமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தானே! ஆனால் நமக்குப் போட்டோ எடு, குறிப்பு எடு, ஓய்வு எடு என்று பாதி வழி பழகியிருக்கிறது. அவர்களுக்கு அந்தப் பிடியும் இல்லை. அதனால் வினையை விட்டுவிட்டு, 'மெடிசின்' என்றால் அதோடு எது சேரும் என்று பெயர்ச்சொல்லிலிருந்து கேட்கத் தொடங்கினேன். அதன்பிறகுதான் பிடிபட்டது.

குவாங்சோவில் துணி கொள்முதல் செய்பவர்:
அக்கா, எனக்கு இதில் ஒரு நாளே போயிற்று. கடைப்பெண் 'டுமாரோ டேக் த சாம்பிள்' என்று செய்தி அனுப்பினார். அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று வெறுங்கையோடு போனேன். அவரோ என் சாம்பிளுக்காகக் காத்திருந்தார். இது ஏன்?

செங்டு ஆசிரியை:
தம்பி, அது சீனத்தில் 'டாய்' என்ற வினை; அதைத்தான் அவர் 'டேக்' என்று எழுதியிருக்கிறார். கையோடு வைத்துக்கொள் என்பதுதான் பொருள். கொண்டு வருவதா, கொண்டு போவதா என்று சொல்ல வேண்டுமானால் 'லாய்' (வா), 'ச்சு' (போ) என்று பின்னால் சேர்க்க வேண்டும். பேச்சில் பல சமயம் விட்டுவிடுவார்கள். நான் வகுப்பில் கதவருகே ஒருத்தியையும் மேசையருகே ஒருத்தியையும் நிறுத்தி, நடுவில் ஒரு குடையைக் கொடுத்துவிடுவேன். தன்னிடம் வந்தால் 'பிரிங்', தன்னை விட்டுப் போனால் 'டேக்'. அடுத்த முறை அந்தப் பெண்ணிடம் 'டு யுவர் ஷாப்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.