36 வோல்ட் ஹப் மோட்டார் சைக்கிள்: மேம்பாலத்தில் கட் ஆகிறது, ஸ்போக்ஸ் உடைகிறது. 48 வோல்ட்டுக்கு மாற்றலாமா?

குரோம்பேட்டை_மிதி:
வணக்கம். குரோம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு தினமும் ஒரு வழி சுமார் 12 கி.மீ. அலுவலகத்தில் சார்ஜ் போடுவதில்லை. 26 இன்ச் இரும்பு ஃப்ரேம் சைக்கிள், பின் சக்கரத்தின் நடுவில் (ஹப்) 250 வாட் கியர் ஹப் மோட்டார், அதற்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் 15 ஆம்ப் கன்ட்ரோலர், 36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் லித்தியம் அயன் பேட்டரி (வாங்கி இரண்டு வருடம்). மூன்று தொல்லைகள்:

1. காலையில் 25 போகிற வண்டி மாலையில் 19, 20-ஐத் தாண்டாது. மேம்பாலம் ஏறும்போது டிஸ்ப்ளேயோடு சேர்ந்து அணைந்துவிடும். நிறுத்தி ஆன் செய்தால் திரும்ப ஓடும்.
2. பின் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி மூன்று முறை உடைந்தது, மூன்றும் கம்பி ஹப்பில் மாட்டும் இடத்தில் வளைந்திருக்குமே, அங்கே.
3. மழை பெய்தால் மோட்டார் விட்டுவிட்டு இழுக்கிறது.

48 வோல்ட் பேட்டரி போட்டால் வேகமும் கூடும், ஏற்றப் பிரச்சினையும் தீரும் என்கிறார்கள். இதே கன்ட்ரோலருக்குப் போடலாமா?

மின்சக்கரம்:
இதே கன்ட்ரோலருக்குப் போடாதீர்கள். 48 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் இருக்கும். 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 50 வோல்ட்டுக்கானது. இணைத்த நொடியில் வெடிக்கலாம், சில வாரம் ஓடிவிட்டும் போகலாம். இன்னொன்று, 36 வோல்ட் கன்ட்ரோலர் பெரும்பாலும் 30, 31 வோல்ட்டில்தான் கட் ஆகும். 48 வோல்ட் பேட்டரியின் 13 செல் வரிசையில் அது செல்லுக்கு 2.3 வோல்ட். அவ்வளவு கீழே போனால் செல் கெட்டுவிடும். காப்பாற்ற பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) மட்டுமே மிச்சம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக, வேகம் 25 கி.மீ.க்குக் குறைவாக, பேட்டரி இல்லாத எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் அல்ல. அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஜிஎஸ்டி ரோட்டில் யாராவது மீது மோதிவிட்டால் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

வேகத்தின் கணக்கு இது: நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்தால், சமதளத்தில் 25-ல் போக சக்கரத்தில் சுமார் 190 வாட் வேண்டும். 35-ல் போக 425 வாட். காற்று எதிர்ப்புக்குச் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதுதான் காரணம். 12 கி.மீ.க்கு மிச்சமாவது சிக்னலே இல்லாவிட்டால்கூட 8, 9 நிமிடம். அந்த ரோட்டில் அதில் பாதி கிடைத்தாலே அதிசயம்.

உங்கள் நேரம் போவது மாலையில் வேகம் விழுவதால்தான். மோட்டாரின் உச்ச வேகம் வோல்ட்டேஜைப் பொறுத்தது. 42 வோல்ட்டில் 25 போனால் 33 வோல்ட்டில் 19.6. நீங்கள் சொன்ன எண்ணேதான். லேசாக மிதித்தபடி போனால் கி.மீ.க்கு 12 வாட்-அவர் ஆகும். 24 கி.மீ.க்கு 288. புது பேட்டரியில் 360 இருந்திருக்கும், இரண்டு வருடத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மிச்சம் சரியாக 288. வீடு வந்து சேரும் முன் காலியாகும் நிலையில்தான் தினமும் மேம்பாலம் ஏறுகிறீர்கள்.

டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணைவது நல்ல துப்பு. டிஸ்ப்ளே எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் நின்றால் கன்ட்ரோலர் கட், அல்லது ஹால் சென்சார் (மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது). எல்லாமே அணைந்தால் பிஎம்எஸ், அல்லது லூஸ் கனெக்டர். மல்டிமீட்டரை பேட்டரி வெளியீட்டில் வைத்து ஏற்றத்தில் முழு த்ராட்டில் கொடுங்கள் (ஒருவர் ஓட்ட, மீட்டரை ஹேண்டில்பாரில் கட்டிவிடலாம்). ஓய்வில் இருக்கும் வோல்ட்டேஜிலிருந்து 1.5 முதல் 2 வோல்ட் இறங்கினால் ஆரோக்கியம். 4 இறங்கினால் செல் தேய்ந்துவிட்டது. பேட்டரி முனையில் சரியாக இருந்து கன்ட்ரோலர் முனையில் மட்டும் இறங்கினால் நடுவில் இருக்கும் கனெக்டர்தான் குற்றவாளி. தொட்டுப் பாருங்கள், சுடும்.

முழு சார்ஜுக்குப் பிறகு பத்து செல் வரிசைகளுக்குள் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு வரிசை பலவீனம். இந்த அளவை, பேக் கட்டத் தெரிந்தவரிடமே எடுக்கச் சொல்லுங்கள். மீட்டர் முனை நழுவி ஷார்ட் ஆனால் தீப்பொறி பெரிதாக வரும்.

செலவு செய்வதென்றால் அதே 36 வோல்ட்டில் 14 அல்லது 15 ஆம்பியர்-அவர் பேக் வாங்குங்கள். பழையதோடு புதியதை இணையாகக் கோர்த்துவிட வேண்டாம். இரண்டின் வோல்ட்டேஜும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுப்பாடில்லாமல் கரன்ட் பாயும்.

கோட்டம்_எடுப்பவன்:
சக்கரத்துக்கு நான் சொல்கிறேன். கம்பி வளைவில் உடைவது பாரத்தால் அல்ல, தளர்வால். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் இறுகி இறுகித் தளரும். இரும்புக் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான். உடைந்ததை மட்டும் மாற்றினால் பக்கத்துக் கம்பி அடுத்த மாதம் போகும், ஏனென்றால் அதுவும் அதே அளவு களைத்திருக்கிறது. மூன்று போயிருந்தால் 36 கம்பியையும் மாற்றிவிடுங்கள்.

தடிமனான 12 கேஜ் போட்டால் உடையாது என்று கடையில் சொல்வார்கள். சாதாரண ரிம்மில் நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) போடும் ஓட்டைக்குள் அது நுழையாது. நுழைத்தாலும் ரிம் தாங்கும் அளவுக்குள் அவ்வளவு தடித்த கம்பியை இறுக்க முடியாது, மறுபடி தளர்வுதான். இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், 13 கேஜ் கம்பி போதும். பூட்டியபின் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திவிட்டு மறுபடி கோட்டம் எடுக்க வேண்டும் (சக்கரம் ஆடாமல் நேராகச் சுற்றும்படி கம்பிகளைச் சரிசெய்வது). 100 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையைத்தான் யாரும் செய்வதில்லை.

சக்கரம் கழற்றும்போது டார்க் ஆர்ம் (ஆக்ஸில் சுழலாமல் ஃப்ரேமோடு பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை) இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் போடுங்கள். ஆக்ஸில் ஒரு முறை சுழன்றால் வயரை முறுக்கி அறுத்துவிடும், மோட்டாருக்குக் கரன்ட் கொண்டுபோகும் மூன்று பேஸ் வயரும் ஹால் சென்சார் வயரும் ஒட்டினால் கன்ட்ரோலரும் போகும். பஞ்சருக்கெல்லாம் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், டயரின் ஒரு பக்கத்தை எடுத்து டியூபை வெளியே இழுத்து ஒட்டலாம். ஆனாலும் 18 அல்லது 19 எம்எம் ஸ்பேனர், எது உங்கள் நட்டுக்குப் பொருந்துமோ அது, பையில் இருக்கட்டும்.

குரோம்பேட்டை_மிதி:
நன்றி அண்ணா. டார்க் ஆர்ம் இல்லை, வெறும் வாஷர்தான். கன்ட்ரோலர் கேரியருக்குக் கீழே பையில் தொங்குகிறது, வயர்கள் மேல் பக்கமாக வருகின்றன. மழைப் பிரச்சினை அதனாலா?

மின்சக்கரம்:
அதனாலேயே. தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். கன்ட்ரோலரைத் தலைகீழாகத் திருப்பி வயர்கள் கீழ்ப்பக்கம் வரும்படி கட்டுங்கள். மோட்டார் வயரும் ஆக்ஸிலிலிருந்து ஒரு வளைவு கீழே தொங்கி பிறகு மேலே ஏற வேண்டும். பையை முழுவதும் சிலிக்கானால் மூடிவிடாதீர்கள், வியர்த்த ஈரம் வெளியேற அடியில் ஓட்டை வேண்டும். சின்ன வெள்ளைக் கனெக்டர்களைக் காயவைத்து டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரம் தடுக்கும் கிரீஸ்) தடவுங்கள்.

அதற்குப் பிறகும் விட்டுவிட்டு இழுத்தால், முதலில் பிரேக் லீவர் கட்-ஆஃப் வயர்களை (பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் வயர்கள்) கழற்றி ஓட்டிப் பாருங்கள். ஈரம் பட்டதும் அது பிரேக் பிடித்ததாகச் சொல்லிவிடும். அடுத்தது ஹால் சென்சார். சிவப்பு-கறுப்பு நடுவே 5 வோல்ட் வர வேண்டும், மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றும் சக்கரம் சுற்றச் சுற்ற 0-க்கும் 5-க்கும் இடையே மாற வேண்டும். கியர் ஹப்பில் சக்கரத்தைப் பின்னோக்கி சுற்றினால்தான் உள்ளே மோட்டார் சுழலும். முன்னோக்கிச் சுற்றிவிட்டு சென்சார் போச்சு என்று புது மோட்டார் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கோட்டம்_எடுப்பவன்:
ரிம் மாற்றுவதால் இன்னொரு நன்மை: இப்போது இருப்பது குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் மழையில் பிரேக் கட்டை வழுக்கும், அலுமினியத்தில் நன்றாகப் பிடிக்கும். பேட்டரி வாங்கும் வரை ரிம், டார்க் ஆர்ம், கன்ட்ரோலரைத் திருப்புவது இந்த மூன்றையும் இந்த வாரமே முடியுங்கள். அலுவலகத்தில் 2 ஆம்ப் சார்ஜரில் இரண்டு மணி நேரம் போட அனுமதி கேளுங்கள். மாலை மேம்பாலத்துக்கு அதுவே போதும்.