கனகசபைப்பிள்ளையின் கயவாகுக் கணக்கு: ஒரு சாட்சி போதுமா?

உவர்மலை:
கோணேசர் கல்வெட்டில் (திருகோணமலைக் கோணேசர் கோயிலின் வரலாறு சொல்லும் நூல்) வருகிற கயவாகுவும் சிலப்பதிகாரத்துக் கயவாகுவும் ஒருவரே, சங்க காலத்துக்குத் திகதி கணித்த வி. கனகசபைப்பிள்ளையே அதை நிறுவிவிட்டார் என்று இங்கே ஒரு பதிவு வந்திருக்கிறது. பிள்ளை பேசியது முதலாம் கயவாகுவைப் பற்றி. சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவுக்கு வந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிற இலங்கை அரசன் அவன்; அவன் காலமே செங்குட்டுவன் காலம் என்பதுதான் பிள்ளையின் கணக்கு. கோணமலைக்குத் தொண்டு செய்தவனாகக் கல்வெட்டு சொல்கிறவனை 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கயவாகுவோடுதான் பொருத்துகிறார்கள். கோணமலைக்குப் பக்கத்துக் கந்தளாயில் இருந்தவன் இந்த இரண்டாமவன்தான். இடையில் ஏறத்தாழ ஆயிரம் வருடம்!

பிள்ளையின் முறையிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. மதுரையில் வழக்காடியவர், தன் கட்சி வெல்லவேண்டும் என்பதுதான் அவருடைய பழக்கம். ஒரே ஒரு சாட்சியை நிறுத்திச் சங்க காலம் முழுவதற்கும் திகதி போட்டுவிட்டார்.

உப்புவெளி:
அண்ணை, அவர் எந்தக் காலத்தில் இருந்து எழுதினார் என்று பாருங்கள். தகப்பன் மல்லாகம் விசுவநாதபிள்ளை, வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதிக்கு (1862) உழைத்தவர். மகன் 1855இல் சென்னையில் பிறந்து, சட்டம் படித்து, வக்கீல் தொழிலை விட்டுத் தபால் திணைக்களத்தில் கண்காணிப்பாளரானவர். சங்க காலம் பற்றிய அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1895இல் தொடங்கின, அவை நூலாக 1904இல் வந்தன, 1906இல் இறந்துவிட்டார்.

புறநானூறு அச்சேறியது 1894இல். பதிற்றுப்பத்து 1904இல்தான் வந்தது. அகநானூறு அப்போது அச்சிலேயே இல்லை. ஆகவே பனையோலை ஏட்டை வைத்துத்தான் வேலை. ஏட்டில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் நிற்கும். துணைக்காலையும் (ா) ரகரத்தையும் பிரித்தறிய முடியாது. ஒரு எழுத்தைத் தவறவிட்டால் அரசன் பெயரே மாறிவிடும். அந்த ஏடுகளையும் தாலமி, பெரிப்ளசு என்ற பழைய கிரேக்கக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார். இது கட்சி பேசுகிற வேலையா?

உவர்மலை:
ஏட்டுழைப்பை நான் மறுக்கவில்லை தம்பி. சாட்சியைத்தான் குறுக்கு விசாரணை செய்கிறேன். கண்ணகி விழாவில் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு’ இருந்தான் என்பது சிலப்பதிகாரத்தின் கடைசிப் பகுதியான வரந்தரு காதை. அந்தக் காதையும் நூலின் முன்னால் நிற்கிற உரைபெறு கட்டுரையும் பிற்சேர்க்கை என்று கருதுகிறவர்கள் உண்டு. மறுபக்கம் இலங்கையின் பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின் 35ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: 22 வருட ஆட்சி, விகாரைப் பணிகள், அவ்வளவுதான். கண்ணகியும் இல்லை, கடல் கடந்ததும் இல்லை. கயவாகு சோழநாட்டின்மேல் படையெடுத்ததும் 12,000 சிறைக்கைதிகளும் இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூலில் வருபவை. அது எத்தனையோ நூற்றாண்டு பிந்தியது.

கன்னியா:
இருவரும் திகதி எப்படிக் கிடைக்கிறது என்பதைத் தொடவில்லை. மகாவம்சத்தில் கி.பி. கிடையாது. புத்தர் நிர்வாணத்திலிருந்து ஒவ்வொரு ஆட்சியாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். கி.மு. 543இல் தொடங்கினால் கயவாகு கி.பி. 113 அளவில் வருவான். பிள்ளை எடுத்தது இதைத்தான். கி.மு. 483இல் தொடங்கினால் எல்லாம் 60 வருடம் பிந்தி கி.பி. 173 அளவுக்குப் போகும். கயவாகுவோடு செங்குட்டுவனும் நகர்வான், அவனை வைத்துக் கணித்த சோழன் கரிகாலனும் நகர்வான்.

ஆனாலும் இரண்டு வழியிலும் 2ஆம் நூற்றாண்டுதான். கரூர்ப் பக்கத்துப் புகலூர்க் கல்வெட்டில் சேரரில் இரும்பொறை மரபின் மூன்று தலைமுறை வருகிறது. எழுத்தமைதி கொண்டு அதற்கும் 2ஆம் நூற்றாண்டே சொல்கிறார்கள். இலங்கை அரசனைச் சாராத சாட்சி அது. 1904இல் பிள்ளையின் கையில் அது இல்லை.

உவர்மலை:
புகலூரை ஏற்கிறேன். அது சேரருக்கு உதவும், பிள்ளையின் சோழ, பாண்டிய ஆண்டுகளுக்கு உதவாது. சேரரைப் பாடும் பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்தோடும் வருகிற பதிகம் என்ற குறிப்பு செங்குட்டுவனுக்கு 55 வருட ஆட்சி கொடுக்கிறது. மற்றச் சேரருக்கும் எண் உண்டு. சோழருக்கும் பாண்டியருக்கும் அப்படி ஒரு பதிகமே இல்லையே! அவர்களுக்கு அவர் போட்ட ஆண்டுகள் ஊகம். தமிழர் வங்கத்துத் தாமிரலிப்தியிலிருந்து வந்தார்கள் என்று அவர் சொன்னதும் அதே வகைதான்.

உப்புவெளி:
தாமிரலிப்திக் கதையை நானும் கைவிடுகிறேன். சோழர் ஆண்டுகளை ஊகம் என்றே வையுங்கள். ஆனால் ஊரில் மேடையில் பேசுகிறவர்கள் சங்க காலத்தைப் பத்தாயிரம் வருடத்துக்குத் தள்ளும்போது, ‘எந்த அரசன், எந்த நூல், எந்த அயல் சான்று?’ என்று கேட்கிற பழக்கத்தை 1904லேயே ஒருவர் தொடக்கிவைத்திருக்கிறார். உங்கள் குறுக்கு விசாரணையும் அவர் நிறுத்திய சாட்சியின் மேல்தான் நடக்கிறது அண்ணை.