பாசி எடுக்கும் அம்மாவின் கையில் வளரும் தழும்பு

கேள்வி (பாம்பன்):
அம்மா கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். போன வருடம் பவளப்பாறை முன்கையைக் கிழித்தது. சீழ் வைத்து மெதுவாகத்தான் ஆறியது. இப்போது அந்த இடம் கயிறாகத் தடித்து, சிவந்து, பழைய காயத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. இரவில் அரிப்புத் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆறிய புண் ஏன் வளர்கிறது? அறுத்து எடுத்துவிடலாமா?

பதில் (செவிலியர், ராமநாதபுரம்):
அவசரப்பட்டு அறுக்க வேண்டாம், தங்கையே. தோல் மூடிவிட்டாலும் உள்ளே அழற்சி அடங்கவில்லை. புண் ஆறுவதற்கு அழற்சி தேவைதான்: வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை அழிக்கின்றன, கொலாஜன் நார்களை உண்டாக்கும் செல்களைத் தூண்டுகின்றன. அந்தத் தூண்டுதல் ஓயாவிட்டால் நார் குவிந்துகொண்டே போகும். சீழ் வைத்த புண்ணில் இந்த ஆபத்து அதிகம். எல்லை தாண்டி வளர்வதைக் கீலாய்டு என்பார்கள். அறுவை மட்டும் செய்தால் பெரும்பாலும் திரும்ப வரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. தோல் மருத்துவர் ட்ரையாம்சினோலோன் என்ற, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே, சில வாரங்களுக்கு ஒருமுறை போடுவார். தயவுசெய்து சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள்!

பதில் (தங்கச்சிமடம்):
எனக்குத் தோளில் போட்டார்கள், அக்கா. ஊசி நன்றாகவே வலிக்கும். ஆனால் அரிப்பு சீக்கிரம் விட்டது, தழும்பும் தட்டையானது; சுற்றிலும் தோல் சற்று வெளுத்திருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.