ஜேம்ஸ் ஹாங்கை நான் பார்த்த இடங்கள்

பெயர் தெரியாமலே வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய குணச்சித்திர நடிகர்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஹாலிவுட்டின் ஜேம்ஸ் ஹாங். அவரைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிட்டேன். 'குங்ஃபூ பாண்டா' அனிமேஷன் படத்தில் நூடுல்ஸ் கடை நடத்தும் வாத்து, மிஸ்டர் பிங். வளர்ப்பு மகன் மேல் உயிரையே வைத்திருப்பார். கூடவே கடை வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றமும் இருக்கும். இரண்டும் அந்த ஒரே குரலில் கேட்கும்.

அப்புறம் 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் 1991-இல் வந்த சீன உணவகம் எபிசோட். மூன்று நண்பர்கள் மேசைக்காகக் காத்திருப்பதுதான் முழுக் கதையும். எப்போது கேட்டாலும் "ஐந்து, பத்து நிமிடம்" என்று சொல்லி அனுப்புகிற மேலாளர் இவர். அவர்களில் ஒருவனான ஜார்ஜ் கோஸ்டான்சா ஒரு போனுக்காகத் தவித்துக்கொண்டு நிற்பான். போன் வந்ததும் இவர் பெயரைத் தப்பாக "கார்ட்ரைட்! கார்ட்ரைட்!" என்று கூப்பிடுவார். யாரும் வராததால் ஆள் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிரிக்க வைக்க வேண்டும் என்ற முனைப்பு முகத்தில் துளியும் தெரியாது. கூட்டம் நிறைந்த கடையில் வேலை பார்க்கிற ஒரு மனிதர், அவ்வளவுதான். நமக்குச் சிரிப்பு வருவதே அதனால்தான்.

அந்த முகத்தைத் தேடிப் போனால் எங்கும் அவரே நிற்கிறார். 'சைனாடவுன்' (1974) படத்தில் வீட்டுப் பணியாளர். 'பிளேடு ரன்னர்' (1982) படத்தில் உறைகுளிரில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு செயற்கைக் கண்கள் செய்யும் சியூ. வருவது சில நிமிடம்தான். ஆனால் தன் தொழிலில் அந்தக் கிழவருக்கு இருக்கும் பெருமையும், கோட்டைப் பிய்த்தெடுத்ததும் வருகிற நடுக்கமும் மறக்காது. முழு வீச்சில் பார்க்க வேண்டுமென்றால் 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா' (1986). லோ பான் என்ற மந்திரவாதியாக, சக்கர நாற்காலிக் கிழவராகவும் நெடிதுயர்ந்த ஆவியாகவும் வருவார். எனக்கு அவருடைய ஆகச் சிறந்த வேடம் அதுதான்.

1929-இல் மினியாபொலிஸில் பிறந்தவர். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சாலைப் பணியில் இருந்தார். 1950-களின் நடுவில் சினிமாவுக்கு வந்தார். சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் மூத்த மகனாக நடித்தபோது, அப்பா சார்லி சானாக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரர்! சீன முகம் கொண்ட இவருக்கோ சமையல்காரன், வேலைக்காரன், வில்லன் என்றே வேடங்கள் வந்தன. நல்ல வேடம் வரட்டும் என்று அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1965-இல் மாக்கோ முதலான நடிகர்களோடு சேர்ந்து ஆசிய அமெரிக்கர்களுக்கென்றே 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார். நான் அவரை மதிப்பது நடிப்புக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தது 2022-இல். அப்போது வயது 93. அதற்கான பணத்தை ரசிகர்களிடம் திரட்ட முன்னின்றவர் நடிகர் டேனியல் டே கிம். மறு வருடம் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' குழுவுக்கு நடிகர் சங்க விருது கிடைத்தபோது, அதில் நடித்திருந்த ஹாங்கும் மேடையில் பேசினார். கண்ணோரத்தை ஒட்டி இழுத்து வெள்ளைக்கார நடிகர்களைச் சீனர்களாக்கிய காலத்தைச் சொல்லிவிட்டு, இப்போது எங்களைப் பாருங்கள் என்றார். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருடைய ஆரம்பகாலத் தொலைக்காட்சித் தொடர்களை யாராவது பார்த்திருந்தால், எந்தக் காட்சி மனதில் நின்றது என்று எழுதுங்கள்.