பிராடிகைனீசியா: ‘இயக்கமந்தம்’ போதுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பார்க்கின்சன் நோயின் தொடக்க அறிகுறிகளைப் பற்றிய துண்டறிக்கைக்காக, ‘பிராடிகைனீசியா’ என்னும் மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் ‘இயக்கமந்தம்’, ‘மெதுவியக்கம்’ என்னும் இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. கிரேக்கத்தில் ‘பிராடிஸ்’ என்றால் மெதுவானது, ‘கினேசிஸ்’ என்றால் அசைவு. ஆகவே இரண்டு சொற்களும் மூலத்துக்கு உண்மையானவையே. ஆனால் மூலச்சொல்லே நோயில் பாதியைத்தான் சொல்கிறது. நாமும் அந்தப் பாதியோடு நின்றுவிட வேண்டுமா?

குமரி மாவட்டத்துத் தோவாளையில் என் அத்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூக்கட்டியவர். வலது தோள் வலிக்கிறது என்றார். பல மாதங்கள் தைலம் தடவினோம், தோள்பட்டை இறுக்கம் என்று சிகிச்சையும் நடந்தது. கை நடுங்கவில்லை என்பதால் எங்களில் யாருக்கும் வேறு ஐயம் எழவில்லை. ஒருநாள் விடியற்காலையில் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். புதிய வாழைநாரை எடுத்துப் பிச்சிப்பூவைக் கட்டத் தொடங்கியதும் முதல் ஐந்தாறு கண்ணிகள் பழைய வேகத்தில், பழைய வீச்சில் விழுந்தன. பிறகு கை சுழலும் வட்டம் கண்ணிக்குக் கண்ணி சிறுத்துக்கொண்டே வந்து, நார் விரலிலேயே சிக்கிக் கை நின்றுவிட்டது. கையை உதறிவிட்டு மீண்டும் தொடங்கினால், மீண்டும் முதல் சில கண்ணிகள் மட்டும் சரியாக விழுந்தன. “நாருக்கு ஈரம் போதாது மக்களே” என்று அத்தை நாரின்மேல் பழியைப் போட்டார்.

வெறும் மெதுவாக இருந்திருந்தால் முதல் கண்ணியும் இருபதாவது கண்ணியும் ஒரே மெதுவில் விழுந்திருக்கும். முதுமையில் பெரும்பாலும் அப்படித்தான் நிகழ்கிறது. பார்க்கின்சன் நோயில் அசைவு தொடரத் தொடர அதன் வீச்சோ வேகமோ குறைந்துகொண்டே போகிறது. நரம்பியல் மருத்துவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து விரைவாகப் பத்து முறை தட்டச் சொல்வது இதைப் பார்ப்பதற்காகவே. அசைவுக் கோளாறுகளுக்கான பன்னாட்டுச் சங்கம் 2015இல் வெளியிட்ட வரன்முறையும், மெதுவோடு இந்தத் தொடர்குறைவும் சேர்ந்திருப்பதையே பிராடிகைனீசியா என்கிறது. அதனுடன் ஓய்வு நடுக்கம் (கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம்), தசை விறைப்பு ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்தால்தான் பார்க்கின்சனியம் (பார்க்கின்சன் நோயிலும் அதை ஒத்த நோய்களிலும் காணும் அறிகுறித் தொகுப்பு) என்று கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. நடுக்கம் கட்டாயமில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

‘மந்தம்’ என்பதில் எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. எங்கள் பக்கத்தில் அச்சொல் வயிற்றுக்கும் புத்திக்கும் உரியது. நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் தோன்றக்கூடிய ஒரு நோயில் ‘மந்தம்’ என்று அச்சிட்டால், படிப்பவர் ஓமத்தண்ணீரைத் தேடிப் போய்விடுவார்.

ஆகவே ‘அசைவொடுக்கம்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ‘ஆள் ஒடுங்கிப்போனார்’, ‘குரல் ஒடுங்கிவிட்டது’ என்று மக்கள் பேசுகையில், அளவு குறைவதும் உயிர்ப்பு அடங்குவதும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இச்சொல்லிலிருந்து பிற அறிகுறிகளின் பெயர்களும் எளிதில் கிளைக்கின்றன. வரியின் தொடக்கத்தில் பெரிதாகவும் முடிவில் கடுகளவாகவும் சிறுக்கும் எழுத்து, கையெழுத்தொடுக்கம். நடக்கும்போது ஒருபக்கக் கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டிக்கொள்வது, கைவீச்சொடுக்கம். பேச்சு தணிவது, குரலொடுக்கம். கண் சிமிட்டல் குறைந்து, சிரிப்பும் சினமும் முகத்தில் ஏறாமல் போவது, முகக்குறியொடுக்கம். மணம் தெரியாமல் போவதை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அது அசைவு சார்ந்ததன்று, ‘மணமறியாமை’ என்று தனியே நிற்கட்டும். பிச்சிக் குவியலின் நடுவே இருந்துகொண்டு ‘இப்போதெல்லாம் பூவுக்கு மணமே இல்லை’ என்று அத்தை சொன்னதை நாங்கள் உரத்தின் குற்றமாகவே எடுத்துக்கொண்டோம்.

‘ஒடுக்கம்’ என்பது ஒடுக்குமுறையை நினைவூட்டும் என மதுரை நண்பர் எழுதியிருந்தார். ஐயா, பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்வினை ஒடுக்கம். உயிரியலில் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவு ஒடுக்கற்பிரிவு. குறைதல் என்ற பொருளில் பாடநூல் ஏற்கெனவே இதைப் பழக்கிவிட்டது.

நோயின் பெயராக ‘நடுக்குவாதம்’ என்பதைத் தொடரலாமா என்ற கேள்விக்கும் என் விடை இதிலேயே அடங்கும். 1817இல் ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளை வைத்து எழுதியபோது சூட்டிய பெயரும் நடுக்குவாதம் என்ற பொருளுடையதே. பின்னர் பாரிசில் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ, எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை, உண்மையான வாதமும் இல்லை என்று அதை மறுத்துத்தான் பார்க்கின்சனின் பெயரை நோய்க்கு வைத்தார். பிரெஞ்சுக்காரர் கைவிட்ட பிழையை நாம் ஏன் அச்சிட வேண்டும்? மேலும் குமரி மாவட்டத்தில் வாதம் என்றால் பக்கவாதமோ மூட்டுவாதமோதான் நினைவுக்கு வரும்.

துண்டறிக்கை, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் பெண்களின் கையில் இருக்கப்போவது. அவர்களுக்கு வரையறையைவிட, ‘கை நடுங்குகிறதா’ என்பதோடு ‘பூக்கட்டும்போதோ வலை பின்னும்போதோ போகப்போகக் கை சுருங்குகிறதா’ என்ற கேள்வியே பயன்படும். அதன் கீழே ‘அசைவொடுக்கம்’ என்ற சொல் நின்றால் பொருள் தானே விளங்கும். ‘இயக்கவொடுக்கம்’ என்ற வடிவத்தை விரும்புபவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். எனக்கு ‘இயக்கம்’ கட்சி அலுவலகத்தையும் நினைவூட்டுகிறது.