2,110 கலோரி யாருடைய கணக்கு?

எண்கணக்கன்: இளைஞன் என்றால் நாளொன்றுக்கு 2,700 கலோரி உண்டே தீரவேண்டும், குறைந்தால் எடை நிற்காது என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள, 19 முதல் 39 வயதுக்குட்பட்ட, உட்கார்ந்த வேலை பார்க்கும் ஆணுக்கு 2,110 கலோரி. அவர் சொல்லும் 2,700 சொச்சம் நடுத்தர உழைப்பாளிக்கு உரியது. கணினியின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர் அதை உண்டால் எங்கே சேரும் என்பதை அவருடைய இடைவார் சொல்லும்.

பொருநைக்கரையான்: தீர்ப்பு எழுதியவன் அடியேன்தான். நீங்கள் பூசிக்கும் அதே நிறுவனம் 2010இல், 60 கிலோ எடையுள்ள ஆளுக்கே 2,320 கலோரி கொடுத்தது. பத்தே ஆண்டில் ஆளுக்கு ஐந்து கிலோவைக் கூட்டிவிட்டு, அவன் தட்டிலிருந்து 210 கலோரியைப் பிடுங்கியது எந்த ஊர் நியாயம்?

எண்கணக்கன்: எதையும் பிடுங்கவில்லை ஐயா. அடிப்படை வளர்சிதை மாற்றத்துக்கு, அதாவது சும்மா கிடந்தாலும் உயிர் தரிக்க உடல் செலவிடுவதற்கு, சுமார் 1,507 கலோரி. அதை உழைப்புக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். முன்பு உட்கார்ந்த வேலைக்கு 1.53 ஆக இருந்த அந்த எண்ணை இப்போது 1.4 ஆக்கியிருக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 2,110 வரும்.

பொருநைக்கரையான்: பெருக்கல் வாய்பாட்டை நானும் படித்திருக்கிறேன். மிதிவண்டியில் வேலைக்குப் போய்வந்து, மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நான்கு மாடி ஏறி இறங்குகிறவனுக்கு 1.4 என்று முத்திரை குத்த நீங்கள் யார்? 2,110 எனக்கு மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும்.

எண்கணக்கன்: உங்கள் மிதிவண்டியைப் பற்றி நான் பேசவில்லை. உட்கார்ந்த வேலைக்கு 2,110 என்றேன். இப்போதும் 2,110 என்றே சொல்கிறேன்.

மருதாணி: 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே பட்டியலில் 1,660 என்று இருப்பது உங்கள் இருவர் கண்ணிலும் படாதது வியப்பில்லை. அது கிடக்கட்டும், அந்த 65 கிலோ ஆணின் உயரம் 177 சென்டிமீட்டர் என்பதையாவது யாராவது பார்த்தீர்களா? 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 65 கிலோ இருந்தால் எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை எண் ஏறத்தாழ 24 ஆகி, அதிக எடைக்கென ஆசியர்களுக்கு வைத்திருக்கும் 23 என்ற எல்லையைத் தாண்டிவிடும். அவரைப் போய் 65 கிலோவிலேயே நிலைத்திருக்கச் சொல்வீர்களா?

எண்கணக்கன்: அம்மணி, உயரம் வேறு விவாதம். இங்கே கேள்வி 2,110 சரியா, தவறா என்பது மட்டுமே.

அடுப்பங்கரை: சென்ற மாதம் நூறு கிராம் சோற்றுக்கு 350 கலோரி என்று அடித்துப் பேசியவரும் இதே எண்கணக்கன்தானே? அது அரிசியின் கணக்கு. வெந்தபின் நீர் ஏறிவிடுவதால் நூறு கிராம் சோற்றில் 130 வாக்கில்தான் இருக்கும். அரிசியையும் சோற்றையும் பிரித்தறியாதவர் பிறர் இடைவாரை அளக்க வந்துவிட்டார். தாளிக்கும்போது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி ஏறும் என்பதாவது தெரியுமா?

எண்கணக்கன்: பழைய பதிவைத் தோண்டுகிறவர்களுக்குப் புதிய பதிவில் பதில் இல்லை என்று பொருள். நான் அங்கே சமைக்காத எடையைத்தான் குறிப்பிட்டேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரிந்திருக்கும்.

அடுப்பங்கரை: "ஒரு தட்டுச் சோறு" என்று எழுதியிருந்தீர்கள். சமைக்காத அரிசியைத் தட்டில் போட்டு உண்ணும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டோ?

பொருநைக்கரையான்: அப்படிக் கேளுங்கள்! 210 கலோரி என்றால் அறுபது கிராம் அரிசி. என் பங்கில் அந்த அறுபது கிராம் எங்கே போனது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

எண்கணக்கன்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: 1.4. வேண்டுமானால் மூவரும் சேர்ந்து நிறுவனத்துக்கே கடிதம் எழுதுங்கள்.

மருதாணி: எழுதினால் 1,660 பற்றியும் சேர்த்தே எழுதுவேன். நீங்கள் அதை இதுவரை ஒருமுறைகூடத் தட்டச்சு செய்யவில்லை.