யூனிகார்ன் 160: அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் முடிந்தது. தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா, ஃபுல் கவரா?

வேளச்சேரி வாசன்:
வண்டி 2020 மாடல் ஹோண்டா யூனிகார்ன் 160 பைக். வாங்கும்போதே கட்டிய அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் பிறருக்கு ஆகும் பாதிப்புக்கான கவர்) முடிந்துவிட்டது. ஓன் டேமேஜை (நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான கவர்) மட்டும் வருஷாவருஷம் தனியாகப் புதுப்பித்து வந்தேன். இதுவரை கிளெய்ம் எதுவும் இல்லை, அதற்காகத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் வந்துவிட்டது. இப்போது கேட்டுப் பார்த்ததில் வந்த தொகைகள், ஜிஎஸ்டி உட்பட:

தேர்ட் பார்ட்டி மட்டும் 1,612. இரண்டும் சேர்ந்த ஃபுல் கவர், ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் தரும் தொகை) 42,000 என்றால் 2,084. இன்னொரு தளத்தில் அதே ஃபுல் கவர் 1,901, ஆனால் ஐடிவி 26,000 என்று காட்டுகிறது. ஓனருக்கான பர்சனல் ஆக்சிடென்ட் இவற்றில் சேரவில்லை.

வீட்டுக்கும் ஆபீசுக்கும்தான் ஓட்டுகிறேன். மாலையில் மனைவியை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருவேன். எதை எடுக்கலாம்?

சேலம் சிவா:
தேர்ட் பார்ட்டி போதும். யோசிக்கவே வேண்டாம்.

முதலில் ஒன்று. தேர்ட் பார்ட்டிக்காகப் பத்து தளங்களை மேய்வது வீண். அந்தக் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது, எல்லாக் கம்பெனியிலும் ஒரே தொகை. 2022 ஜூன் 1இல் அமலான பட்டியலில், ஜிஎஸ்டி சேர்க்காமல், 75 சிசிக்கு மேல் 150 வரை 714, 150க்கு மேல் 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. உங்கள் வண்டி 162 சிசி. பழைய யூனிகார்ன் 150ஆக இருந்திருந்தால் 714தான். பன்னிரண்டு சிசிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டுகிறீர்கள், அதை ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது ஃபுல் கவர் கணக்குக்கு வருவோம். ரோட்டில் சறுக்கி விழுந்து வைசர், மட்கார்டு, சைடு பேனல் உடைந்து பிளாஸ்டிக் சாமானுக்கு மட்டும் 4,000 பில் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அப்புறம் கட்டாயப் பிடித்தம் 100. கைக்கு வருவது 1,900. ஆனால் அந்த ஒரு கிளெய்மில் உங்கள் 50 சதவீத போனஸ் பூஜ்யமாகிவிடும். போனஸ் கழிக்கும் முன், ஜிஎஸ்டி சேர்க்காமல், உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 800. போனஸ் வருஷத்துக்கு ஒரு படியாக 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50க்கு வருவதற்குள் 400, 240, 200, 120, 40 என ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். ஜிஎஸ்டியோடு 1,180. ஆக நிகர லாபம் 720. அதற்கு, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்காகக் காத்திருப்பு, போட்டோ, கையெழுத்து, திரும்பத் திரும்பப் போன். நம்ம தெரு மெக்கானிக்கிடம் கொடுத்தால் சாயங்காலம் வண்டி ரெடி.

மாஜி ஏஜென்ட்:
சிவா தம்பி, கணக்கு சரி. கேள்விதான் தப்பு. மட்கார்டுக்காக யாரும் ஃபுல் கவர் எடுக்கக் கூடாது. வண்டி திருடு போனால், எரிந்தால், லாரிக்கு அடியில் போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. தேர்ட் பார்ட்டியில் அதற்கு ஒரு பைசா கிடையாது. வித்தியாசம் 472 ரூபாய். 42,000ஐச் சேர்க்க அதை 89 வருஷம் உண்டியலில் போட வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை நீங்கள் தொடவே இல்லை. வாசன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வருகிறார். வெறும் ஆக்ட் பாலிசி, அதாவது தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று ஓரியண்டல் இன்சூரன்ஸ் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. ஃபுல் கவர் எனும் பேக்கேஜ் பாலிசியில் பின்னால் உட்காருபவரும் அடங்குவார் என்று 2009இல் இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏவின் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. ரோட்டில் நடந்து போகிறவருக்கு அடிபட்டால் கம்பெனி கொடுக்கும், உங்கள் வண்டியில் உட்கார்ந்த உங்கள் மனைவிக்கு அடிபட்டால் கொடுக்காது. இந்த வேடிக்கை தெரிந்தவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் ஆச்சரியம்.

அந்த 26,000 ஐடிவி பக்கம் போகாதீர்கள். அஞ்சு வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு ஐடிவியைப் பேசித்தான் வைப்பார்கள், நிலையான அட்டவணை கிடையாது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். 26,000க்கு அது 19,500. ஒரு நல்ல இடி போதும், சந்தையில் நாற்பதுக்கு மேல் போகிற வண்டிக்கு இருபத்தாறு ஆயிரத்தை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சேலம் சிவா:
ஏஜென்ட் சார், ஃபுல் கவருக்கு வாதாடுவீர்கள் என்று தெரியும். தேர்ட் பார்ட்டியில் கமிஷன் சொற்பம் அல்லவா?

89 வருஷக் கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. திருட்டு கிளெய்மில் பணம் கைக்கு வர என்னென்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். எஃப்ஐஆர், அப்புறம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ், ஒரிஜினல் ஆர்சி, ஆர்டிஓவுக்குத் தகவல். இதற்கெல்லாம் அலைந்து முடிப்பதற்குள் புது வண்டிக்கு லோன் போட்டு நாலு தவணை கட்டியிருப்போம்.

பின் சீட் விஷயம் எனக்குத் தெரியாது. அது நியாயமான பாயிண்ட்தான், ஆனால் தனியாக ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தாது.

மாஜி ஏஜென்ட்:
தொழிலை விட்டாயிற்று, கமிஷன் யாருக்குப் போனால் எனக்கென்ன. நான் ஏஜென்டாக இருந்ததால்தான் எந்தெந்த ஃபைல் திரும்பி வந்தது என்று தெரியும்.

கிண்டி கீதா:
ஃபுல் கவர் எடுத்தவள் நான், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஸ்கூட்டர் சீட் வரை தண்ணீர். வடிந்த பிறகு நாங்கள் ஸ்டார்ட் செய்யவே இல்லை, தள்ளிக்கொண்டு போய் ஒர்க் ஷாப்பில் விட்டோம். ஏர் ஃபில்டர் முழுக்க சேறு, இன்ஜின் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. நகரம் முழுக்க இதே கதை என்பதால் சர்வேயர் வரவே இல்லை. மெக்கானிக் துருப்பிடித்துவிடும் என்று இன்ஜினைத் திறந்து சுத்தம் செய்தார். கடைசியில் வந்த சர்வேயர், பார்வையிடுவதற்கு முன்பே இன்ஜினைத் திறந்துவிட்டீர்கள், ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். இன்ஜின் பங்கு மொத்தமும் தள்ளுபடி.

நான் விடவில்லை. எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று மெயிலில் கேட்டேன், ஒர்க் ஷாப் போட்டோக்களை இணைத்தேன். அதன் பிறகு வயரிங்கும் பேட்டரியும் மட்டும் வந்தது. பேட்டரிக்குப் பாதிதான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, எல்லாக் கம்பெனியும் அன்று அப்படித்தான் நடந்துகொண்டன என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வெள்ளத்துக்கு கவர் உண்டு என்று விற்றார்கள். வெள்ளம் எங்கே நுழையும், இன்ஜினுக்குள்தானே நுழையும்?

சேலம் சிவா:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கட்டும்போது ஃபுல், கேட்கும்போது பாதி.

மாஜி ஏஜென்ட்:
கீதா மேடம், உங்களுக்கு நடந்தது அநியாயம். சாதாரண பேக்கேஜில் வெள்ளச் சேதம் உண்டு. தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் கனெக்டிங் ராடு வளைந்தது மாதிரி பின்னால் வந்த சேதத்துக்குத்தான் கைவிரிப்பார்கள். அதற்கென்று இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற ஆட் ஆன் (கூடுதல் காசுக்குச் சேர்க்கும் கவர்) விற்கிறார்கள். நீங்கள் ஸ்டார்ட் செய்யவில்லை என்பதால் உங்கள் வழக்கு வலுவானது. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போயிருக்கலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அது உங்களுக்குக் கடந்துவிட்டது.

கிண்டி கீதா:
அந்த மறுப்புக் கடிதத்தில் ஆம்புட்ஸ்மேன் முகவரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் போனவளுக்கு பொடி எழுத்தைப் படிக்க எங்கே நேரம் சார்? குறை சொல்வதாக நினைக்காதீர்கள், நீங்கள் சொல்கிற வழியெல்லாம் நிதானமாக இருப்பவனுக்கான வழி.

மதுரை மெக்கானிக்:
எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். அடிபட்ட வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டால் முதல் கேள்வி என்ன? இன்சூரன்ஸா, கேஷா? இரண்டுக்கும் எஸ்டிமேட் வேறு. கேஷ் என்றால் தட்டி நிமிர்த்தலாம் என்கிற ஃபோர்க்கை, இன்சூரன்ஸ் என்றால் மாற்றியே ஆக வேண்டும் என்பார்கள். அது தெரிந்துதான் சர்வேயரும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறார். நடுவில் மாட்டுவது வண்டிக்காரர். சேதமான பழைய பார்ட்டை சர்வேயர் பார்க்கும் வரை தூக்கிப் போடவிடாதீர்கள், அவ்வளவுதான் என் யோசனை.

டியூக் தம்பி:
எதற்கு இவ்வளவு பேச்சு? நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பழைய ஓனர் பெயரில் பாலிசி இருந்தது, அதுவும் முடிந்துவிட்டது. போலீஸ் பிடித்தால் 2,000 ஃபைன். வருஷத்துக்கு ஒரு தடவை மாட்டினாலும் பிரீமியமும் ஃபைனும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சேலம் சிவா:
தம்பி, நான் ஃபுல் கவருக்குத்தான் எதிரி, இன்சூரன்ஸுக்கே இல்லை. இன்றைக்கே போய் தேர்ட் பார்ட்டி போடுங்கள். 2,000 முதல் தடவைக்கு, அடுத்த தடவை 4,000, மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அதைவிடுங்கள். ஒருவர் மேல் ஏற்றி அவர் இறந்துபோனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவர் வயது, சம்பளம், குடும்பம் பார்த்துத் தொகை போடும். அதற்கு உச்சவரம்பே கிடையாது. பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும். இல்லையென்றால் உங்கள் அப்பா வாங்கிய மனை போகும்.

மாஜி ஏஜென்ட்:
இதில் எனக்கும் சிவாவுக்கும் சண்டை இல்லை. கூடவே ஒன்று: செகண்ட் ஹேண்ட் வாங்கினால் பெயர் மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பங்கு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் வராது, அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல.

டியூக் தம்பி:
சரி அண்ணே, இவ்வளவு பேர் திட்டிய பிறகு போடாமல் இருப்பேனா. பர்சனல் ஆக்சிடென்ட் கட்டாயமா? அதற்கும் சேர்த்துப் பிடுங்குகிறார்களே.

சேலம் சிவா:
ஓனர் கம் டிரைவருக்கு 15 லட்சம் கட்டாயம்தான். ஆனால் உங்கள் பெயரில் வேறொரு வண்டிக்கு ஏற்கெனவே எடுத்திருந்தாலோ, குறைந்தது 15 லட்சத்துக்குத் தனியாக பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி இருந்தாலோ மறுபடி கட்ட வேண்டியதில்லை. தளத்தில் அந்தக் கட்டத்தில் டிக் தானாகவே போட்டிருக்கும், எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால் அந்தக் காசு தண்டம், கிளெய்ம் வராது. ஏஜென்ட் சார் இந்த மாதிரிச் சேமிப்புகளை ஏன் முதல் பதிவிலேயே சொல்வதில்லை என்று யோசியுங்கள்.

மாஜி ஏஜென்ட்:
கேட்கவில்லை, சொல்லவில்லை. வாசன், மனைவி பெயரில் ஸ்கூட்டர் இருந்தால் அவருக்குத் தனியாக வேண்டும். உங்களுடையது அவருக்குச் செல்லாது.

வேளச்சேரி வாசன்:
எல்லோருக்கும் நன்றி. பின் சீட் விஷயம் கேட்ட பிறகு தேர்ட் பார்ட்டி மட்டும் என்ற யோசனையை விட்டுவிட்டேன். 42,000 ஐடிவியில் ஃபுல் கவர், வேளச்சேரி வெள்ளம் வரும் இடம் என்பதால் இன்ஜின் ப்ரொடெக்ட் கொடுத்தால் அதையும் கேட்கப் போகிறேன். ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கவர்) இந்த வயது வண்டிக்குத் தர மாட்டோம் என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். சிவா சொன்ன மாதிரி சின்ன அடிக்கு கிளெய்ம் போக மாட்டேன்.

சேலம் சிவா:
உங்கள் பணம், உங்கள் இஷ்டம். திருட்டுக்காகத்தான் எடுக்கிறீர்கள் என்றால், இரண்டு சாவியும் கையில் இருக்கிறதா? கிளெய்ம் போனால் இரண்டையும் கேட்பார்கள்.

வேளச்சேரி வாசன்:
ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது.

மாஜி ஏஜென்ட்:
இந்த வாரமே போலீஸில் தொலைந்ததாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஷோரூமில் லாக் செட்டையே மாற்றி, பில்லை பாலிசியோடு வையுங்கள். திருடு போன பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சேலம் சிவா:
லாக் செட்டையும் சேர்த்தால் அந்த 472 ரூபாய் இப்போது எவ்வளவு ஆயிற்று, ஏஜென்ட் சார்?